கணினிக்கு வாட்டர் கூலிங்: விளக்கைப் பார்க்காதீர்கள், ரேடியேட்டரைப் பாருங்கள்

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் கணினிக் கடைகள் இருக்கும் மாடிகளுக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வண்ண விளக்குகள் மின்னும். நடுவில் இரண்டு கறுப்புக் குழாய்கள், மேலே மூன்று விசிறிகள். வாட்டர் கூலிங் என்பார்கள். பெயரைக் கேட்டாலே உடம்பு சில்லிட்டுவிடும். விலையைக் கேட்டால் வியர்த்துவிடும்.

கிள்ளானில் திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் என் அக்காள் மகனுக்கு இது தேவைப்பட்டது. முகூர்த்த மாதங்களில் அவன் கணினிக்கு ஓய்வே கிடையாது. மின்கட்டணத்துக்குப் பயந்து பகலில் ஏர்கோன் போடமாட்டான். மதியமானால் கணினி சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெண் வீட்டாருக்குச் சொன்ன தேதி ஒருமுறை தள்ளிப்போனால், அடுத்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். ஒரு கடையில் 900 ரிங்கிட்டுக்கு எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் நீட்டி, “மாமா, நீங்க ஃபேக்டரியில சில்லர் பார்க்கிறவர்தானே, இது தேறுமா சொல்லுங்க” என்றான். அதற்காக இரண்டு சனிக்கிழமைகள் அவனோடு கடை கடையாக ஏறி இறங்கினேன்.

முதலில் அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இது பிரிட்ஜ் அல்ல. கார் ரேடியேட்டரின் தம்பி. புரோசசர் மேல் ஒரு செப்புத் தகடு உட்காரும். தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போகும். அங்கே விசிறிகள் அந்தச் சூட்டை அறைக்குள் ஊதித் தள்ளும். அறை 32 டிகிரியில் இருந்தால் தண்ணீர் ஒருநாளும் 32-க்குக் கீழே இறங்காது. குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் சோதித்துப் போட்ட அட்டவணையைக் காட்டி யாராவது பெருமை பேசினால், மனத்துக்குள் 10 டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

“அப்படியானால் தண்ணீரை ஐஸ்போல் குளிர வைத்தால் என்ன?” என்று சிலர் கேட்பார்கள். நம் ஊர்க் காற்றில் அது வம்பு. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், ஒரு பொருள் 26 டிகிரிக்குக் கீழே போனாலே அதன்மேல் நீர் முத்து முத்தாகப் பூக்கும். ஐஸ் கோப்பி கிளாஸின் வெளிப்பக்கம் நனைவதுபோலத்தான். கணினிக்குள் அது சொட்டினால் கதை முடிந்தது.

ஆகவே நான் முதலில் பார்த்தது ரேடியேட்டரின் பரப்பை. பெட்டியில் 240, 280, 360 என்று போட்டிருப்பார்கள். 240 என்றால் 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டு. 360 என்றால் மூன்று. 280 என்றால் 140 மில்லிமீட்டர் விசிறி இரண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 280-இன் விசிறிப் பரப்பு 240-ஐவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம், 360-ஐவிடக் கொஞ்சம்தான் குறைவு. கணினிப் பெட்டியில் 360 நுழையாதவர்கள் 280-ஐக் கேட்டுப் பார்க்கலாம்.

பம்பின் வேகத்தைப் பற்றித்தான் கடைகளில் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு மரியாதை இல்லை. நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடினாலே போதும், 250 வாட் சூட்டை வாங்கிக்கொண்டு போகையில் அதன் வெப்பம் 4 டிகிரிகூட ஏறாது. வாங்கிய சூட்டை வெளியே விடும் இடம் சிறியதாக இருந்தால், தண்ணீரை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பெரிய பயன் இல்லை. பம்பில் நான் கவனிப்பது சத்தத்தையும் அது உட்காரும் இடத்தையும்தான். சுற்றில் அது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கக்கூடாது. உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி மேலே ஏறிப் பம்புக்குள் தங்கிவிட்டால், களகளவென்று சத்தம் வரும், ஆயுளும் குறையும்.

தனித்தனியாகப் பாகங்களை வாங்கிச் சேர்ப்பவர்கள் உலோகத்தைப் பார்க்கவேண்டும். செப்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் மெல்ல அரித்துப்போகும். மூடி அடைத்து விற்கும் செட்டுகள் பலவற்றில் இரண்டும் இருந்தாலும், அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தொழிற்சாலையிலேயே கலந்துவிடுகிறார்கள். நாமே சேர்க்கும்போது எல்லாம் செப்பு, பித்தளை, நிக்கல் என்ற குடும்பத்துக்குள் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரும் கடையில் வாங்கும் மினரல் தண்ணீரும் வேண்டாம். இதற்கென்றே விற்கும் திரவத்தை ஊற்றுங்கள். அவனுக்கு இந்த வழியே வேண்டாம் என்றேன். வருடா வருடம் பிரித்துக் கழுவ அவனுக்கு நேரம் ஏது?

இன்னொன்று, கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். தண்ணீர் சூடேற நேரம் எடுக்கும். தொடக்கத்தில் எந்தச் செட்டும் நன்றாகத்தான் தெரியும். அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, புரோசசரின் வெப்பத்திலிருந்து அறையின் வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

கடைசியில், விளக்கு எதுவும் இல்லாத ஒரு 360 செட்டை எழுதிக் கொடுத்த விலையில் பாதிக்கு வாங்கினோம். உத்தரவாதம் 6 ஆண்டு. தண்ணீர் கசிந்து மற்ற பாகங்கள் கெட்டால் அதற்கும் பொறுப்பேற்பீர்களா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கினேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை. அவனுடைய இண்டெல் கோர் ஐ7-14700கே புரோசசர் உச்சத்தில் 253 வாட் இழுக்கக்கூடியது. பயோஸில் அதை 180 வாட்டுக்குக் கட்டிவைத்தோம். ரெண்டர் சற்றே மெதுவானது, ஆனால் மதியத்திலும் அதே வேகத்தில் ஓடுகிறது. இந்த மாற்றத்துக்கு ஒரு காசும் செலவில்லை. முதலில் செய்து பார்க்கவேண்டியதே இதைத்தான்.

அலுவலக வேலை, பிள்ளைகளின் விளையாட்டு என்ற அளவில் இருப்பவர்களுக்கு இந்த அலைச்சலே தேவையில்லை. ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற விளையாட்டுக்குப் பேர்போன புரோசசருக்கே, இரட்டைக் கோபுர வடிவில் வரும் நல்ல ஏர் கூலர் போதும். 200 ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. அதில் பம்பும் இல்லை, கசிய ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. விசிறி கெட்டால் விசிறியை மட்டும் மாற்றலாம்.

எதை வாங்கினாலும் தூசியை மறக்காதீர்கள். சாமி அறைக்குப் பக்கத்தில் கணினி இருக்கும் வீடுகளில் சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திச் சாம்பலும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணினியை அணைத்துவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டி ஊதிவிடுங்கள்.