கோட்டுக்கு வெளியே நின்றவர்

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கால்பந்து அணி இரண்டு முறைதான் தங்கம் வென்றுள்ளது: 1951இல் புதுதில்லியில், 1962இல் ஜகார்த்தாவில். இரண்டு முறையும் அணியின் பயிற்சியாளர் ஒருவரே. அவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியர் சையது அப்துல் ரஹீம். இரண்டாவது தங்கம் கிடைத்த ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11 அன்று, நுரையீரல் புற்றுநோயால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் இவ்வரலாற்றை விளையாட்டுச் செய்தியாக மட்டும் படிப்பதில்லை. நோயுற்றவரின் அருகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கும் அதில் விடை கிடைக்கிறது.

ஆட்டக்காரர் என்ற அளவில் ரஹீம் பெரும் புகழ் பெற்றவர் அல்லர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியிலும் ஹைதராபாத்தின் உள்ளூர் அணிகளிலும் ஆடினார். இந்திய அணிக்காக ஆடியதில்லை. 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டு முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை அவ்வணி ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

வலுக் குறைந்த காலுக்குப் பயிற்சி

இளைஞர்களுக்காக அவர் நடத்திய போட்டிகளின் விதிகள் புதுமையானவை. ஒரு போட்டியில் வலுக் குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். மற்றொன்றில் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தனியாக ஓடக் கூடாது. உடனே தோழருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

நுரையீரல் நோயாளிகளுக்கு நாங்கள் சொல்லித்தரும் பயிற்சிகளின் அடிப்படையும் இதுவே. உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடுதல், மருத்துவர் சொன்ன அளவில் தொடங்கி நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல், கைகால் தசைகளை வலுப்படுத்துதல் ஆகிய எல்லாம் தளர்ந்த பகுதிக்கு வேலை கொடுப்பவை. ஆனால் பல வீடுகளில் அன்பின் மிகுதியால் இது நடைபெறுவதில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்க விடாமல் எல்லாவற்றையும் குடும்பத்தினரே செய்துவிடுகின்றனர். உழைக்காத தசை விரைவில் மெலியும். மெலிந்த தசையால் மூச்சிரைப்பு மேலும் கூடும். பயிற்சியாளர் களத்தில் இறங்கிப் பந்தை உதைப்பதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பார், சொல்வார், காத்திருப்பார். உடனிருப்போர் செய்ய வேண்டியதும் அதுவே.

இடம் மாறிய வீரர்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் அணி தோற்றது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ரஹீமின் அணி ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி அதுவே.

ஜகார்த்தாவிலும் தொடக்கம் தோல்விதான். முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2-0 என வென்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. அவரை அரையிறுதியில் ரஹீம் முன்களத்துக்கு மாற்றினார். செப்டம்பர் 4 அன்று, சுமார் ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கில், இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. கோல் அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும். கோலைக் காத்தவர், நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடிப் பெயர்பெற்ற பீட்டர் தங்கராஜ்.

தலையில் அடிபட்டவர் உடனே களமிறங்குவதை இன்றைய மருத்துவம் ஏற்காது. அதை யாரும் பின்பற்ற வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: பழைய இடத்தில் நிற்க இயலாதவருக்கு அணியில் வேறோர் இடம் உண்டு. நிட்டிங் பிரிவிலோ நூற்பாலையிலோ தூசியில் நிற்கக் கூடாதவர், தூசி குறைந்த பிரிவில் உட்கார்ந்து வேலை செய்ய முடியலாம். சிகிச்சை தொடங்கிய நாளிலேயே இதைப் பற்றி மருத்துவரிடமும் முதலாளியிடமும் பேசுவது நல்லது. நோய் வந்தவுடன் வேலையே முடிந்துவிட்டதென்று மனம் உடைந்துவிட வேண்டாம்.

முதலில் காண்பவர்

ரஹீமின் காலத்தில் சிடி ஸ்கேன் இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்துகளும் மிகக் குறைவு. இன்று இரண்டும் உள்ளன. ஆயினும் நம் பகுதியில் இருமல் வந்தால் "பஞ்சுத் தூசிதான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி மாதங்களைக் கடத்துவோர் பலர்.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு: விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், மாறாத குரல் கரகரப்பு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் காத்திருக்கலாகாது. புகைப்பவராயின், அதை நிறுத்துவது எந்த வயதிலும் பயன் தரும்.

களத்தில் ஓடுபவருக்குத் தம் ஓட்டம் தளர்வது உடனே தெரியாது. வெளியே நிற்பவருக்குத் தெரியும். மாடிப்படியில் கணவர் இடையில் நிற்கத் தொடங்கியதை மனைவியும், அம்மாவின் ரவிக்கை தளர்ந்துபோனதை மகளும் முதலில் காண்கின்றனர்.

ரஹீமின் பயிற்சியில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிப் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். அவரும் பின்னாளில் பயிற்சியாளரானார். 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணிக்குப் பயிற்சி அளித்தவர் அவரே. கண்டறிந்து சொல்லித்தரும் கலை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இவ்வாறே செல்கிறது.

ஆகவே அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, உடனிருப்பவர் வெளியே நாற்காலியில் காத்திருக்க வேண்டாம்; நோயாளியின் சம்மதத்துடன் உள்ளே வரலாம். இருமல் எப்போது தொடங்கியது, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்த மருந்து விடுபட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வந்தால், எங்கள் பணி பாதி எளிதாகும்.