பூச்சித் தொகுதிகளும் எண்ணிமப் பதிவும்

ஊசியிற் குத்தி உலர்த்தி வைத்த வண்ணத்துப்பூச்சி அழகுப்பொருளேயன்றி அறிவுப்பொருளாகாது என எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. எங்கே, எப்பொழுது, யாராற் பிடிக்கப்பட்டது என்னுங் குறிப்பில்லாத பூச்சி அழகுப்பொருளாகவே எஞ்சும். அதே ஊசியில், பூச்சியின் கீழே, விரல்நகமளவான சீட்டொன்றில் இடமும் நாளும் எழுதப்பட்டிருப்பின் அது சான்றாகின்றது. ஆகவே, பூச்சித் தொகுதியைக் காத்தல் என்பது உடலையுஞ் சீட்டையும் ஒருங்கே காத்தலாம்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத் தொகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிரெடரிக் வில்லியம் ஹோப் என்னும் மதகுரு தாம் சேர்த்த பூச்சிகளையும் நூல்களையும் 1849 இல் அப்பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். 1860 இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அவற்றுக்கு உறைவிடமாயிற்று. அடுத்த ஆண்டில் வெஸ்ற்வுட் என்பார் ஹோப்பின் பெயரால் நிறுவப்பட்ட பேராசிரியர் பதவியை முதன்முதல் ஏற்றார். 1702 இற் பிடிக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சியொன்று இன்றும் அங்கே உளது. ஊசியிற் குத்தப்பட்டு உலகில் எஞ்சியுள்ள பூச்சிகளுள் மிகப் பழையது அதுவே எனக் கருதப்படுகின்றது. பிரித்தானியப் பூச்சிகள் மாத்திரம் அத்தொகுதியிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. 1979 இல் அந்நாட்டில் அற்றுப்போய், பின்னர் சுவீடனிலிருந்து கொணர்ந்து மீளக் குடியேற்றப்பட்ட பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் பழைய மாதிரிகளும் அவற்றுள் அடங்கும். அவ்வினம் முன்னர் எவ்வெவ்விடங்களிற் பறந்தது என்பதற்கு அத்தகைய மாதிரிகளின் சீட்டுக்கள் சான்று பகருகின்றன.

மூன்று நூற்றாண்டு காத்த பொருளை மூன்று மாதத்தில் அழிக்கவல்ல பகைகளும் உள. ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். ஒளி நிறத்தை வெளிறச் செய்யும். பழைய பித்தளை ஊசிகள் களிம்பேறி உடலைப் பிளக்கும். இவற்றினுங் கொடியது பூச்சியைத் தின்னும் பூச்சியே. அருங்காட்சியக வண்டு எனப் பெயர்பெற்ற சிறு வண்டின் புழுக்கள் இழுப்பறைக்குள் நுழைந்து உலர்ந்த உடல்களை உள்ளிருந்து அரித்துத் தின்னும். ஊசியின் கீழே சிறிது தூள் உதிர்ந்து கிடப்பதே அவை வந்தமைக்கு முதல் அடையாளம். முற்காலத்தில் நப்தலீன் உருண்டைகளை இட்டு அவற்றைத் தடுத்தனர். அதன் ஆவி மனிதருக்குந் தீங்கு செய்வதாகலின், இக்காலத்திற் பெட்டியை முழுமையாக உறையிலிட்டு, -30 பாகை செல்சியசில் மூன்று நாள் வைத்துப் புழுக்களையும் முட்டைகளையும் கொல்லுகின்றனர்.

நெருப்புக்கோ அத்தகைய மருந்து எதுவுமில்லை. 2018 செப்டெம்பர் 2 ஆம் நாள் இரவு பிரேசில் நாட்டின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. 1818 இல் நிறுவப்பட்ட அது, றியோ டி ஜெனீரோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 50 இலட்சம் மாதிரிகளைக் கொண்ட அதன் பூச்சித் தொகுதி பெரும்பாலும் சாம்பலாயிற்று. தீ அணைந்த சின்னாட்களில் மாணவர் சிலர், அங்கு முன்னர் எடுத்த படங்கள் இருப்பின் அனுப்புமாறு பொதுமக்களை வேண்டி நின்றனர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது படியில்லாச் சுவடிகளை இழந்த நமக்கு அவ்வேண்டுகோளின் துயரத்தை விரித்துரைத்தல் வேண்டா.

இழப்பு நேருமுன் படியெடுத்து வைத்தலே எண்ணிமப் பதிவின் முதற்பயன். அது எளிய வேலையன்று. நூறாண்டு உலர்ந்த பூச்சியின் காலும் உணர்கொம்பும் சிறிது தட்டினும் முறியும். ஊசியிலுள்ள சீட்டுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூச்சியின் அருகே பரப்பி, அளவுகோலொன்றையும் உடன்வைத்துப் படம் எடுத்தல் வேண்டும். மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறெதற்கும் இல்லாத இலக்கமொன்று கொடுக்கப்படும். பின்னர், மங்கிய கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றி, அதிற் கண்ட ஊரை அகலக்கோடு நெடுங்கோடுகளாற் குறித்துச் சீட்டுக்களை முன்போல ஊசியில் ஏற்றுவர். இவ்வாறு பெறப்பட்ட பதிவுகள், கோப்பன்கேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001 இல் நிறுவப்பட்ட உலக உயிர்ப்பல்வகைமைத் தகவல் அமைப்பின் மூலம் எந்நாட்டு மாணவனுக்கும் கிடைக்கின்றன.

இதனால் விளையும் புதிய அறிவுக்கு ஓர் உதாரணம் கூறுவாம். 2022 இல் வெளிவந்த ஆய்வொன்றிற் பிரித்தானிய அருங்காட்சியகங்களிலுள்ள பம்பிள் தேனீக்களின் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் இடச்சிறகும் வலச்சிறகும் அளந்து ஒப்பிடப்பட்டன. வளர்ச்சிப் பருவத்தில் இடருற்ற தேனீயின் இரு சிறகுகளும் ஒத்திரா. வெப்பமும் மழையும் மிகுந்த ஆண்டுகளில் இவ்வொவ்வாமை கூடியிருந்தமை புலனாயிற்று. அத்தேனீக்களைப் பிடித்தோர் எவரும் காலநிலை மாற்றத்தைக் கருதிப் பிடித்தாரல்லர். அவர் செய்ததெல்லாம் நாளையும் இடத்தையும் பிழையற எழுதியமையே.

எனினும், படம் இருக்கப் பூச்சி எதற்கு என வினவுதல் தகாது. ஏட்டிலுள்ள பாடல் அச்சேறியபின், ஏடு அழியினும் பாடல் வாழும். பூச்சியின் நிலை வேறு. படமெடுப்போன் கண்டதையே படம் காக்கும். நாம் இன்னும் வினவாத வினாக்களுக்கு விடை உடலினுள்ளேயே இருக்கின்றது. நூறாண்டுக்கு முன் ஊசியிற் குத்தியவர், அவ்வுலர்ந்த காலொன்றிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படிக்கலாமெனக் கனவிலும் எண்ணியிரார். படம் பூச்சிக்குக் காவலேயன்றி அதற்கு ஈடாகாது. படமெடுத்தாயிற்று என்று கூறிப் பெட்டிகளைக் கவனியாது விடுதல், வரைபடம் கிடைத்ததென்று காணியைக் கைவிடுதலை ஒக்கும்.

பெருஞ்செல்வமுள்ள பல்கலைக்கழகங்களுக்கே இவை உரியன என நம் மாணவர் கருதவேண்டா. சாளரத்தடியில் இறந்து கிடக்கும் வண்டொன்றை எடுத்து வைக்கும் சிறுவனும், கண்ட இடத்தையும் நாளையும் தன் பெயரையும் அன்றே ஒரு துண்டில் எழுதி அதனுடன் சேர்ப்பானாயின், ஹோப் செய்த தொண்டின் ஒரு சிறு பகுதியைச் செய்தவனாவான். நாளை எழுதலாம் என்று விட்டால், நாளை அவன் கையிலிருப்பது வெறும் வண்டே.