ஜப்பான் நீலமும் சேலத்து வெள்ளைக்கல்லும்

சேலத்துலேர்ந்து ஓமலூர் பக்கம் போனால் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடப்பது மேக்னசைட். அதைச் சுட்டு, உருக்காலை உலைகளுக்கு உள்சுவர்ச் செங்கல் செய்கிறார்கள். நாமக்கல் பக்கம் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் இரண்டும் வெட்டி எடுக்கிறார்கள். இவ்வளவு கல் இருக்கே, ஜப்பான்காரர்கள் மாதிரி வெள்ளைப் பீங்கானில் நீலப் பூ போட நமக்கு என்ன தடைன்னு தோணும். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அதுக்கு வேணும்தான். மேக்னசைட்தான் அந்த நீலத்துக்கு எதிரி.

காரணம் கோபால்ட்டின் குணம். கல்லூரி லேபில் நீல சிலிக்கா ஜெல் பார்த்திருப்பீர்கள். ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். அதுவும் கோபால்ட்தான். பக்கத்தில் யார் இருக்காங்க என்பதைப் பொறுத்து நிறம் மாற்றும் உலோகம். கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சுக்குள் நாலு ஆக்சிஜன் சூழ உட்கார்ந்தால் நல்ல நீலம். மெக்னீசியம் அதிகமானால் அந்தச் சூழல் மாறி, நிறம் ஊதாப் பக்கம் நகர்கிறது. மற்றபடி கோபால்ட் முரட்டுச் சரக்கு: பல நிறங்கள் கருகிப்போகும் 1300 டிகிரி சூட்டையும் தாங்கும். 100 கிராம் கிளேஸை நீலமாக்க அரை கிராம் ஆக்சைடே போதும்.

ஜப்பானில் இந்த வேலைக்குப் பெயர் சொமெத்சுகே. அரிதா ஊர்க்காரர்கள் கிளேஸுக்கு இசு மரத்துச் சாம்பல் சேர்ப்பார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், இரும்பு குறைவு. கோபால்ட்டுக்கு மட்டும் சுத்தம் பார்ப்பதில்லை. கோசு என்ற பழைய சாயத்தில் மாங்கனீசும் இரும்பும் கலந்தே இருக்கும். அதனால்தான் அந்த நீலம் கண்ணைக் குத்தாமல் கொஞ்சம் அடங்கித் தெரிகிறது. கடையில் வாங்கும் சுத்த ஆக்சைடு வெறும் பெயின்ட் மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது. தீட்டும்போது கோசு கருப்பாகத்தான் தெரியும். முதல் சூளை கண்ட மண் சாயத்தைச் சட்டென உறிஞ்சிவிடும், அழிக்க வழியில்லை. நீலம் வந்ததா என்பது இரண்டாவது சூளையைத் திறந்தால்தான் தெரியும்.

கியோட்டோவின் கோந்தோ யூஸோ இப்படித் தீட்டிய மாதுளைகள் பேர்போனவை. 1977-ல் சொமெத்சுகேவுக்காக அவரை ஜப்பான் அரசு 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது. இளமையில் அவர் தொமிமோதோ கென்கிச்சியிடம் உதவியாளர். டெல்லி நீலப் பானைகளுக்குப் பேர்போன சர்தார் குர்சரண் சிங், 1919-ல் ஜப்பான் போய்ப் படித்தபோது பழகியவர்களில் அதே தொமிமோதோவும் ஒருவர்.

நம்ம கல்லுக்கு வருவோம். மாதுளைக்கு நீலம்தான் வேணும்னா அது உதவாது. ஆனால் ஊதாவை ஏன் கெட்டுப்போன நீலம்னு நினைக்கணும்? கத்தரிப்பூ நிறம் வேண்டும் என்பவருக்கு மேக்னசைட் கைகொடுக்கும். ஒரே எச்சரிக்கை: பச்சைக் கல்லாகப் போட்டால் அதன் எடையில் பாதிக்கு மேல் கரியமில வாயுவாகக் கிளம்பி, கிளேஸில் ஊசித்துளை போடலாம். சுட்டு, நைஸாக அரைத்து, பத்துப் பதினைந்து சில்லுகளில் அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பது நல்லது.