உஷார்! ஏறும்போது இன்ஜின் அடங்கினால் திரும்பாதே!

வீட்டில் விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா? பைலட்டாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறதா? அடுப்பைக் கொஞ்சம் அணைத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

எங்கள் வண்ணாரப்பேட்டையில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வெளியூரில் பைலட் பயிற்சியில் இருக்கிறான். போன லீவுக்கு வந்தவன், அத்தோ நூடுல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சர்வசாதாரணமாகச் சொன்னான். ரன்வேயை விட்டுக் கிளம்பி 500 அடிகூட ஏறவில்லையாம். பக்கத்தில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலை இழுத்துவிட்டார். இன்ஜின் போனால் பையன் என்ன செய்கிறான் என்று பார்க்கிற சோதனை.

"என் கை தானா ரன்வே பக்கம் திருப்பிடுச்சு, ஆண்ட்டி. மூக்கை இறக்கணும்னே தோணல. சார் வெடுக்குனு கன்ட்ரோலைப் புடுங்கிட்டாரு. நிஜமா இருந்தா ரெண்டு பேரும் காலின்னாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏறும்போது விமானத்தின் மூக்கு மேலே பார்த்திருக்கும். இன்ஜின் அடங்கிய சில நொடிகளிலேயே வேகம் சரிந்துவிடும். அந்த நொடிகளில்தான் மனுஷன் திகைத்துப்போய் உட்கார்ந்திருப்பான். முதல் வேலை மூக்கை இறக்குவது. வேகம் இருந்தால்தான் இறக்கை தாங்கும்.

ஆனால் மனசு பின்னால் இருக்கிற ரன்வேயைத்தான் தேடும். அங்கேதான் எமன் உட்கார்ந்திருக்கிறான்!

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 3 டிகிரி என்று நிதானமாகத் திருப்பினால் பாதி வட்டம் போடவே ஒரு நிமிஷம். அதற்குள் இன்ஜின் இல்லாத செஸ்னா 172 சுமார் 700 அடி இறங்கிவிடும். 500 அடியில் இருக்கிறவன் எங்கே போவான்? பாதி வட்டம் போட்டாலும் ரன்வே நேர் எதிரே இருக்காது, பக்கவாட்டில் தள்ளி இருக்கும். அதைப் பிடிக்க இன்னும் திருப்ப வேண்டும். அவசரப்பட்டு 45 டிகிரி சாய்த்தால், இறக்கை கைவிடுகிற வேகம் சுமார் 19 சதவீதம் கூடிவிடும். இறக்கை அப்படிக் கைவிடுவதைத்தான் 'ஸ்டால்' என்பார்கள். ஒரு இறக்கை சாயும், விமானம் தலைகுப்புறப் போகும். மீட்க உயரம் இருக்காது.

காசிமேட்டில் எந்த மீனவரையும் கேளுங்கள். கரையோர அலையில் இன்ஜின் நின்றால் படகின் விலாவை அலைக்குக் காட்டுவாரா? இதுவும் அப்படித்தான்.

2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று பறக்கும்போது கோளாறாகி, திருச்சி-புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், நார்த்தாமலை பக்கத்தில் இறங்கியது. அதில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "அதான் ரோட்டுலயே இறக்கிடறாங்களே" என்று சொல்லாதீர்கள். அவர்கள் கையில் உயரம் இருந்தது, இடம் தேட நேரம் இருந்தது. டேக்-ஆஃப் ஆன அரை நிமிஷத்தில் இரண்டுமே இல்லை. எதிரே இருக்கிற வயலோ பொட்டலோதான் கதி. விமானம் நொறுங்கட்டும், நேராக, கட்டுப்பாட்டோடு இறங்கினால் ஆள் பெரும்பாலும் பிழைப்பான்.

இன்னொன்று இதைவிட மோசம். இன்ஜின் முழுசாக நிற்காமல் இருமிக்கொண்டே ஓடுவது!

ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரை ஒற்றை இன்ஜின் விமானங்களை ஆராய்ந்தது. டேக்-ஆஃபுக்குப் பின் சக்தி ஓரளவு குறைந்த சம்பவங்களில் 9 விபத்துகளில் உயிர் போயிருக்கிறது. இன்ஜின் முழுசாக நின்ற 75 சம்பவங்களில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. முழுசாக நின்றால் மனுஷன் இறங்கிவிடுகிறான். பாதி ஓடினால், 'ஓடுதே, திரும்பிடலாம்' என்று ஆசை காட்டும். பாழாய்ப்போன ஆசை!

இதெல்லாம் கண்ணில் பட்டால் கிளம்பவே கூடாது:

ரன்வேயில் ஓடும்போதே ஆர்.பி.எம். புத்தகத்தில் சொன்ன அளவுக்கு ஏறவில்லையா? நிறுத்து.

காலையில் டேங்கின் அடியிலிருந்து வடித்த பெட்ரோலில் தண்ணீர்க் குமிழ் தெரிகிறதா? தண்ணீர் சுத்தமாகப் போகிறவரை வடி. போகவில்லையா, பறக்காதே.

கார்புரேட்டர் வைத்த பழைய விமானமா? நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், வெயில் கொளுத்தும்போதும் அதற்குள் ஐஸ் கட்டும். நம்ப மாட்டீர்கள், ஆனால் கட்டும். குறைந்த ஓட்டத்தில் ரன்வேக்காக வெகுநேரம் காத்திருந்தால் இன்னும் கவனம்.

"நேத்துதான் செக் பண்ணோம், கிளம்பு" என்று யாராவது அவசரப்படுத்துகிறார்களா? அதுவும் அபாய மணிதான்.

போதிய உயரம் இருந்தால் திரும்பலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த உயரம் எவ்வளவு என்பது விமானத்துக்கு விமானம், ஆளுக்கு ஆள் மாறும். பத்திரமான உயரத்தில் இன்ஸ்ட்ரக்டரோடு பழகிப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் ரன்வேயில் நிற்கும்போதே, இத்தனை அடிக்குக் கீழே திரும்ப மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இன்று ராத்திரி பிள்ளைக்குப் போன் போடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, "எத்தனை அடிக்குக் கீழே திரும்ப மாட்டே?" என்றும் கேளுங்கள். பதில் டக்கென்று வரவில்லையென்றால், நாளைக்குக் காலையில் இன்ஸ்ட்ரக்டரிடம் அதைக் கேட்டுவிட்டு விமானத்தில் ஏறச் சொல்லுங்கள்.