நிகர்மை காணும் வழிகள்: ஷெல் நிரல்களில் மதிப்பு, கோப்பு ஒப்பீடும் தமிழ் மின்பாடங்களும்

ஆய்வுச் சுருக்கம்

மின்வடிவில் உள்ள தமிழ்ப் பாடங்களையும் சொற்றொகுப்புகளையும் ஒப்பிடுவதற்கு ஆய்வாளர்கள் ஷெல் நிரல்களைப் பயன்படுத்தி வருகின்றனர். இந்நிரல்களில் எண், சரம், கோப்பு ஆகிய மூன்றிற்கும் நிகர்மை வெவ்வேறு பொருள் உடையது. அவ்வேறுபாட்டை அறியாதவழிப் பொய்யான பாடவேறுபாடுகள் ஆய்வினுள் புகுகின்றன. சில நேரங்களில் மூலக் கோப்பே அழிகிறது. பல்லடம் வட்டார நெசவுச் சொற்களை எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஷெல் நிரல், பாடவேறுபாடு, ஒருங்குறி, இயல்பாக்கம், கோப்பு ஒப்பீடு.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கினார். எழுத்து வேறுபட்டாலும் பாடம் ஒன்றே என்பதையும், எழுத்து ஒத்தாலும் பாடம் ஐயத்திற்குரியது என்பதையும் அத்தகைய பதிப்பாசிரியரின் கண் அறியும். இன்று அவ்வேலையின் முதற்படியைக் கணினியிடம் விடுகிறோம். யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு 1974இல் வெளிவந்த டிஃப் என்னும் கட்டளை இரு கோப்புகளின் வேறுபாட்டை நொடியில் தந்துவிடுகிறது. தந்தது எவ்வகை வேறுபாடு என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

பல்லடம் விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு வழங்கும் பாவு, ஊடை, தார், சிட்டம் முதலான சொற்களை ஆய்வாளர் ஒருவர் இரு கணினிகளில் தொகுத்து வருவதாகக் கொள்வோம். ஓராண்டு கழித்து இரு தொகுப்புகளையும் ஒன்றாக்க வேண்டிய நிலை வருகிறது. இனி வரும் சிக்கல்கள் யாவும் அந்நிலையில் எழக்கூடியவை. (கட்டளைப் பெயர்கள் இங்கு ஒலிப்பின்படி தமிழில் தரப்பெறுகின்றன, திரையில் அவை உரோமன் எழுத்திலேயே உள்ளிடப்பெறும்.)

எண்ணும் சரமும்

ஷெல்லில் மதிப்புகளை ஒப்பிடுவது டெஸ்ட் என்னும் கட்டளை. அதன் மற்றொரு வடிவமே சதுர அடைப்புக்குறி. '=' என்னும் குறி இரு பக்கமும் உள்ளவற்றை எழுத்துச் சரங்களாகவே கொள்ளும்; '-ஈக்யூ' என்பது முழு எண்களாகக் கொள்ளும். எனவே 040, 40 ஆகிய இரண்டும் '=' குறிக்கு வேறு, '-ஈக்யூ'வுக்கு ஒன்று. நூலின் நம்பரில் இதன் விளைவு தெளிவாகப் புலப்படும். 840 கெசம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை என்பதே பருத்தி நூலின் நம்பர். ஆதலின் 100ஆம் நம்பர் நூல் 40ஆம் நம்பர் நூலைவிட நேர்த்தியானது. சரமாக ஒப்பிட்டாலோ 1 என்னும் எழுத்து 4க்கு முன்வருவதால் 100 சிறியதாகிவிடும்.

சங்கப் பாடல்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்து 008, 009, 010 என மூன்று இலக்கங்களில் பெயரிடுவோர் பலர். பேஷ் ஷெல்லின் இரட்டை அடைப்புக்குறிக்குள் 0 என்று தொடங்கும் எண், எட்டடிமான எண்ணாகக் கொள்ளப்படும். அதனால் 010 என்பது 8க்கு நிகராகும். 008 என்பதோ பிழைச்செய்தி தரும். ஒற்றை அடைப்புக்குறியில் இத்தொல்லை இல்லை. தமிழ் எண்களின் நிலை வேறு: ௧௦ என்பதை '-ஈக்யூ' எண்ணாகவே ஏற்காது. பழம்பதிப்புகளின் பாடல் எண்களை அப்படியே தட்டச்சு செய்தோர் அவற்றை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சர ஒப்பீட்டிலும் இரு கருத்துகள் நினைவில் இருத்தற்குரியன. மாறியை மேற்கோட்குறிக்குள் இடாவிடில் 'பாவு நூல்' என்பது இரு சொற்களாகச் சிதறிப் பிழை தோன்றும். '=' குறியின் இருபுறமும் இடைவெளி விடாவிடில் முழுவதும் ஒரே சரமாகிவிடும்; வெறுமையல்லாத சரம் எதுவும் மெய் என்பது டெஸ்டின் விதியாதலால், அவ்வொப்பீடு என்றும் மெய்யே ஆகும். பின்னது பிழைச்செய்தியும் தராது என்பதால் முன்னதினும் தீது. பொருள் ஒன்றாயினும் சரம் வேறாதல் இயல்பு என்பதும் கருதத்தக்கது. திருப்பூர் மாவட்டம் 2009இல் உருவானது. அதற்கு முந்தைய பதிவில் 'பல்லடம், கோயம்புத்தூர் மாவட்டம்' என்றும் பிந்தையதில் 'பல்லடம், திருப்பூர் மாவட்டம்' என்றும் இருப்பின் இரண்டும் ஓரூரே என்பதை நிரல் அறியாது.

கோப்பை அழிக்கும் ஒப்பீடு

ஒற்றை அடைப்புக்குறிக்குள் '>' என்னும் குறியை இட்டால் அது 'பெரியது' என்று பொருள்படாது. ஷெல்லுக்கு அது வெளியீட்டைக் கோப்பிற்குத் திருப்பும் குறி. 100 > 40 என்று எழுதினால் 40 என்னும் பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்று உருவாகும். விடையும் மெய் என்றே வரும். ஈண்டு விடை சரியாக அமைந்துவிடுவதே கேடு, ஐயம் எழுவதில்லை. எண்களுக்குப் பதிலாக இரு கோப்புப் பெயர்களை அகரவரிசையில் ஒப்பிட எண்ணி இக்குறியை இட்டால், இரண்டாவதாகப் பெயர் கூறப்பட்ட கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் அழிந்துவிடும். ஓராண்டு களப்பணி ஒரு குறியால் போய்விடலாம். எண்களுக்கு '-ஜிடி' என்பதையும், சரங்களுக்கு இரட்டை அடைப்புக்குறியையும் கையாளுதல் வேண்டும். பேஷில் நோகிளாபர் என்னும் அமைப்பை இயக்கிவைத்தால் இருக்கும் கோப்பின்மேல் எழுத ஷெல் மறுத்துவிடும்.

இதற்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்கது '-என்டி' ஒப்பீடு. இது இரு கோப்புகளில் எது பின்னர்த் திருத்தப்பட்டது என்று நேரமுத்திரையைக் கொண்டு கூறும். ஆனால் சிபி கட்டளையால் வெறுமனே படியெடுக்கப்பட்ட கோப்பும் படியெடுத்த நேரத்தையே தாங்கும். திருத்தப்பெற்ற கோப்பு செவ்வாயன்றும், திருத்தாத பழைய கோப்பின் படி புதனன்றும் உண்டானால் பழையதே 'புதியது' ஆகிவிடும். இம்முடிவை நம்பி மேலெழுதும் நிரல், திருத்தங்களைத் தொலைத்துவிடும். படியெடுக்கையில் '-பி' விருப்பத்தேர்வைச் சேர்த்தால் பழைய நேரம் காக்கப்படும்.

ஒரே தோற்றம், வேறு பைட்டுகள்

உள்ளடக்கத்தை ஒப்பிடச் சிஎம்பி, டிஃப் என இரு கட்டளைகள் உள்ளன. முன்னது பைட்டு பைட்டாகச் சென்று முதல் வேறுபாட்டில் நிற்கும். பின்னது வரிவரியாகச் சென்று எல்லாவற்றையும் காட்டும். இரண்டும் ஒத்தால் 0, வேறுபட்டால் 1, ஒப்பிடவே இயலாவிடில் 2 என்று திரும்பு மதிப்புத் தரும். 1ஐயும் 2ஐயும் ஒன்றாகக் கருதும் நிரல், காணாமற்போன கோப்பையும் பாடவேறுபாடு உடையதாகக் கணக்கிட்டுவிடும்.

தமிழுக்கே உரிய சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். 'பல்லடம்' என்பது நமக்கு 5 எழுத்து, ஒருங்குறிக்கு 7 குறியெண், கோப்பில் 21 பைட்டு. 'கொங்கு' என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் இடலாம். முதல் வகையில் சொல் 18 பைட்டு, இரண்டாம் வகையில் 21 பைட்டு. திரையில் இரண்டும் ஒரே தோற்றம். அச்சொல்லே கோப்பின் தொடக்கமாயின், சிஎம்பி 6ஆம் பைட்டில் வேறுபாடு என்று அறிவிக்கும். ஆய்வாளர் எத்துணை உற்றுநோக்கினும் அங்கு எதையும் காணார்.

இவ்விரட்டை வழக்கு எவ்வாறு நேர்கிறது என்பதற்குத் தமிழ்க் கணிமையின் வரலாறு ஒரு காரணம் தருகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கி முதலான குறியேற்றங்களில் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களையும் 2010இல் ஒருங்குறி, டேஸ்-16 ஆகியவற்றையும் தரப்படுத்தியது. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்படும். கொம்பு முன்னும் ககரம் பின்னும் கால் இறுதியிலும் நிற்கும். மாற்றும் நிரல் கொம்பை ககரத்திற்குப் பின் நகர்த்திவிட்டு அவ்வளவில் நின்றுவிட்டால் எஞ்சுவது பிரிந்த வடிவமே.

ஒருங்குறி இவ்விரு வடிவங்களையும் நிகரானவை என்றே விதித்துள்ளது. அவற்றை ஒரு வடிவாக்கும் செயல் இயல்பாக்கம். யூகான்வ் போன்ற கருவிகள் அதனைச் செய்யும். மூலக் கோப்பைத் தொடாமல் படியெடுத்து, படியை இயல்பாக்கியபின் டிஃப் செய்வதே முறை. கோப்பின் முகப்பில் நிற்கும் 3 பைட்டு அடையாளக் குறியையும், விண்டோஸ் வரிமுடிவுக் குறியையும் அப்படியிலேயே நீக்கிக்கொள்ளலாம். வரிமுடிவு வேறுபட்டால் டிஃப் எல்லா வரிகளும் மாறியுள்ளதாகச் சொல்லும். அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இயல்பாக்கம் தீர்க்காத பிழைகளும் உள. 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' எனக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சு செய்தல் பரவலான வழக்கு. இவை ஒருங்குறியில் நிகரல்ல. எங்கும் ஒரே கட்டளையால் மாற்றிவிடலாம் என்று எண்ணினால் 'கெளுத்தி' மீன் சிதைந்துபோகும். அவ்வாறே ஸ்ரீ என்னும் கூட்டெழுத்து, 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த சகர வடிவத்தைக் கொண்டும் ஸகரத்தைக் கொண்டும் எழுதப்படுகிறது. தோற்றம் பெரும்பாலும் ஒன்றே. இவற்றிற்குச் சொற்பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகத் திருத்துவதே தக்கது.

வரிசையும் வரியும்

இரு சொற்பட்டியல்களுக்குப் பொதுவான சொற்களைக் காம் என்னும் கட்டளை பிரித்துத் தரும். இரண்டும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒருங்குறி எண்வரிசை நம் நெடுங்கணக்கு அன்று. அதில் வகரத்திற்கு முன் ழகரமும், பகரத்திற்கு முன் னகரமும் நிற்கின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் வருகிறது. அகராதியில் 'பவளம்' முன்னும் 'பழம்' பின்னும் அமைய, பைட்டு வரிசையில் அவை மாறிவிடும். ஒரு பட்டியல் தமிழ் அகரவரிசையிலும் மற்றொன்று பைட்டு வரிசையிலும் இருந்தால் காம் பொதுச்சொற்களையே தனிச்சொற்களாகக் காட்டக்கூடும். ஒப்பிடுவதற்கு மட்டும் எல்சி-ஆல் என்னும் சூழல் மாறிக்குச் 'சி' என்னும் மதிப்பைத் தந்து இரண்டையும் அடுக்கிக்கொள்வது எளிது.

செய்யுட்களை ஒப்பிடுவோர்க்கு டிஃபின் அலகு வரி என்பது இடையூறாகும். ஒரு பதிப்பு அடிக்கொரு வரியாகவும் மற்றொன்று அச்சு வசதிக்கேற்பவும் மடக்கியிருப்பின், பாடம் ஒன்றாயினும் எல்லா வரியும் வேறாகும். சீருக்கு ஒரு வரியாக இரண்டையும் பிரித்தபின் ஒப்பிட்டால் உண்மையான வேறுபாடு மட்டும் எஞ்சும். சந்தி பிரித்த பதிப்பிற்கும் பிரிக்காத பதிப்பிற்கும் இவ்வழியும் உதவாது. 'பாவுநூல்', 'பாவு நூல்' என்பவற்றை இடைவெளி நீக்கி ஒன்றாக்கலாம். புணர்ச்சியில் எழுத்துத் திரிந்த இடங்களில் அதுவும் செல்லாது. அத்தகைய வரிகளை டிஃபின் வெளியீட்டிலிருந்து தனிக் கோப்பில் சேர்த்து, ஏட்டையோ அச்சுப்பதிப்பையோ அருகில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.