காவல் நாயும் அதன் பயிற்சியும்

மனிதன் முதன்முதற் பழக்கிய விலங்கு நாயே என்பது அறிஞர் துணிபு. அது வாயில் காத்த வரலாறும் தொன்மையானது. கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலையின் சாம்பலுட் புதைந்த பொம்பேயி நகரில், ஒரு வீட்டு நுழைவாயிலின் தரையிலே, சங்கிலி பூண்ட கருநாயின் உருவம் சிறு கற்களாற் பதிக்கப்பட்டிருக்கின்றது. நாயுண்டு, எச்சரிக்கை என்னும் கருத்துடைய இலத்தீன் சொற்கள் அதன் கீழ் உள்ளன. நாயின் முதற்பயன் எச்சரிக்கையே என்பதை அவ்வீட்டார் அறிந்திருந்தனர் போலும்.

நம்மவரிற் பலரோ சினமே காவல் எனக் கருதுகின்றனர். குட்டியைப் பிறர் கண்ணிற் படாது வளர்த்து, பகல் முழுதுங் கட்டிவைத்து, அடித்து மூர்க்கமேற்றுவர். இவ்வாறு வளர்ந்த நாய் பெரும்பாலும் கடிப்பது வீரத்தினாலன்று, அச்சத்தினால். கட்டுண்ட நாய்க்கு அணுகி மோந்தறியவும் இயலாது, விலகிச் செல்லவும் இயலாது. பாய்தலொன்றே எஞ்சிய வழி. கள்வனுக்கும், இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த மாணவனுக்கும் வேற்றுமை காண அஃது அறியாது.

அமெரிக்க ஆய்வாளரான ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் 1965 இல் வெளியிட்ட நூலில், குட்டி பிறரோடு பழகக் கற்கும் பருவம் ஏறக்குறைய மூன்றாம் வாரம் முதற் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ளது எனக் காட்டினர். அப்பருவத்திற் சிறுவர், முதியவர், தபாற்காரர் எனப் பலரையுங் கண்ட குட்டியே வழக்கமானது எது என்பதை உணரும்; ஆதலின் வழக்கத்துக்கு மாறானதையும் உணரும்.

பயிற்சியின் அடிப்படை செயலையும் அதனைத் தொடரும் பயனையும் இணைக்கும் பழக்கத்தொடர்பே. படலையில் அரவங் கேட்டு நாய் குரைத்ததும் பாராட்டுக. பின்னர் 'போதும்' என்று கூறி, அது வாய்மூடிய அக்கணமே சிறிது உணவு கொடுக்க. குரைக்கக் கற்பித்தல் எளிது. நிறுத்தக் கற்பித்தலே அரிது. பல வாரம் வேண்டும். குற்றஞ் செய்து நெடுநேரஞ் சென்றபின் நாயை அழைத்து அடிப்போர், அழைத்தால் வாராதிருக்கவே அதற்குக் கற்பிக்கின்றனர். ஆளைப் பற்றும் பயிற்சி பொலிசாரின் தேர்ந்த பயிற்றுநர்க்கே உரியது. வீட்டார் அதனை முயலுதல் ஆகாது.

எத்துணை பழகிய நாய்க்கும் பல் உண்டு. ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி இடுவித்தல் வேண்டும். எவரேனுங் கடிபட்டால், காயத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடங் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.