காசுமேசையில் நிற்கும் நம் பிள்ளைகள்

வயலில் களைத்தால் வரம்பில் குந்தலாம். சுப்பர்மார்க்கட்டில் காசு வாங்கும் பிள்ளைக்கு வரம்பு ஏது? "மகள் வரக்குள்ள கால் வீங்கியிருக்கும்" என்றார் பாலமுனை உம்மா ஒருவர். பொருளைப் பதிவதும், மிச்சக்காசு எண்ணுவதும், இரவில் கணக்கு ஒப்புவிப்பதும் நின்றபடியே.

கடை ஊழியருக்கு இருக்கை வழங்க வேண்டுமெனத் தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. நம் நாட்டின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வழமையான வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்தில் 8 சதவீதம். முதலாளி தன் பங்காக 12 சதவீதம் கட்டவேண்டும்.

காணியை இழந்த உங்களுக்கு உறுதியின் பெறுமதி தெரியும். நியமனக் கடிதமும் அப்படியே. கேட்டு வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள்.